தொண்ணூற்றிரண்டு சதவீத ‘வரேன்’

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஏழு பேர். ஏழு பேருக்கும் தாய்மொழி தமிழ். அதில் ஒருவர் காதிலாவது தமிழ் விழுந்திருந்தால் எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்திருக்காது. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

மனிதர்கள் கணினியோடு எப்படிப் பழகுகிறார்கள் என்பதுதான் எங்கள் படிப்பு. மனிதர்களோடு பழகத் துப்பில்லாத ஏழு பேர், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பக்கத்து மேசையில் இருப்பவரிடம் சார்ஜர் கேட்பதற்குக்கூட மெசேஜ் அனுப்பிக்கொண்டு, இதை ஐந்து வருடமாக ஆராய்ந்துகொண்டிருந்தோம். சுவர் முழுக்க மஞ்சளும் பச்சையுமாக ஒட்டுத்தாள்கள். ‘பயனர் என்ன உணர்கிறார்?’ என்று ஒன்று. ‘பயனரின் வலி எது?’ என்று இன்னொன்று. பசை காய்ந்து பயனரின் வலி அவ்வப்போது தரையில் விழும். பெருக்க வருகிற அம்மா அதைக் கூட்டி அள்ளிக்கொண்டு போவார். அந்த அம்மாவின் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

எங்கள் பேராசிரியருக்கு நாங்கள் வைத்த பெயர் ‘முன்னுரை’. எதைக் கேட்டாலும் முன்னுரை மட்டும் சொல்வார். அதற்குமேல் சரக்கு கிடையாது. அவருக்குக் கையாள் என் சீனியர். அவனுக்குப் பெயர் ‘ஸ்லைடு’. யோசிப்பதென்றாலே அவனுக்கு ஸ்லைடு வேண்டும். அவன் காதலியிடம் சம்மதம் கேட்டதுகூட மூன்று ஸ்லைடில்தான் என்று பேச்சு. அவள் வேறொருவனைக் கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கிறாள்.

இந்த மேதைகளோடு சேர்ந்து நான் உருவாக்கிய இயந்திரத்தின் பெயர் ‘பரிவு’. பெயர் வைப்பதில் மட்டும் எங்களை அடித்துக்கொள்ள ஆளில்லை. பரிவு என்பது தொலைபேசியில் பேசும் ஒரு செயற்கை அறிவு. மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குப் போன நோயாளிகளைக் கூப்பிட்டு, மருந்து சாப்பிடுகிறீர்களா, காயம் எப்படி இருக்கிறது, பத்தாம் நாள் மறுபரிசோதனைக்கு வருவீர்களா என்று கேட்கும். அதற்கு எந்தப் பெண்குரல் பொருந்தும் என்று மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் முன்னுரை தேர்ந்தெடுத்தது, லிஃப்ட் கதவு மூடப்போவதாக அறிவிக்கிற மாதிரியான ஒரு குரலை.

இதே வேலையைச் செய்துகொண்டிருந்த மனுஷி ஒருத்தி இருந்தாள். என் அண்ணி.

நான் அண்ணன் வீட்டில் தங்கித்தான் படித்தேன். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்; என் படிப்பு ஏதோ கம்ப்யூட்டர் சமாச்சாரம் என்பதற்குமேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது, நாங்களும் சொன்னதில்லை. அண்ணி ஒரு நடுத்தர மருத்துவமனையில், மருந்தகத்துக்கும் எக்ஸ்ரே அறைக்கும் நடுவில் ஒரு மேசையில் உட்கார்ந்து, நாளொன்றுக்கு நாற்பது நோயாளிகளுக்கு போன் செய்வாள். என் ஆராய்ச்சிக்கு மருத்துவமனை கிடைக்காமல் நான் நாயாய் அலைந்தபோது, மேலாளரிடம் பேசிக் கதவைத் திறந்துவிட்டது அவள்தான்.

திறப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “ஏன்டீ, இதனால என் வேலைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?”

“ஐயோ அண்ணி! இது உங்களுக்கு ஒத்தாசைக்கு. உங்க இடத்துக்கு இல்ல.”

முன்னுரை விண்ணப்பத்தில் எழுதியிருந்த வரியை அப்படியே ஒப்பித்தேன். அவள் நம்பினாள். என் வாயிலிருந்து வந்ததால் நம்பினாள்.

சோதனை எளிமையானது. நூற்றிருபது நோயாளிகள். அறுபது பேரை அண்ணி கூப்பிடுவாள். அறுபது பேரைப் பரிவு கூப்பிடும். யார் கூப்பிட்டால் அதிகம் பேர் மறுபரிசோதனைக்கு வரத் தயாராக இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். பரிவின் அழைப்புகள் எல்லாம் பதிவாகும். அண்ணியின் மேசையில் இருந்தது பழைய தரைவழி போன். பதிவு செய்ய வழியில்லை. அதனால் அவள் தன் ரிஜிஸ்டரில் ‘வருவாரா?’ என்ற கட்டத்தில் என்ன எழுதுகிறாளோ, அதையே அவள் கணக்காக எடுத்துக்கொள்வது என்று முன்னுரை தீர்ப்புச் சொன்னார். நாங்கள் எல்லோரும் தலையாட்டினோம். தலையாட்டுவதற்குத்தானே உதவித்தொகை தருகிறார்கள்.

பரிவின் பதிவுகளை எழுத்தாக்கி, ஒவ்வொரு பதிலுக்கும் முத்திரை குத்த வேண்டும். ‘வர உறுதி’, ‘வர எண்ணம்’, ‘தயக்கம்’, ‘மறுப்பு’ என்று நாலு முத்திரை. இங்கேதான் கூத்து. முத்திரை குத்தும் மென்பொருளுக்கு ஆங்கிலம் மட்டுமே தெரியும். கட்டுரையைப் படிக்கப்போகும் வெளிநாட்டுப் பெரியவர்களுக்கும் அப்படியே. ஆகவே நோயாளி பேசிய தமிழை இன்னொரு இயந்திரம் ஆங்கிலமாக்கும். அந்த ஆங்கிலத்தைப் படித்து நானும் ஸ்லைடும் தனித்தனியாக முத்திரை குத்துவோம். தமிழ் மூலம் பக்கத்துக் கட்டத்திலேயே இருந்தது. திரையில் இடம் அடைக்கிறது என்று அதை மறைத்து வைத்தோம். தாய்மொழியை மறைத்துவிட்டுத் தாய்மொழிக்காரர்கள் இரண்டு பேர் உட்கார்ந்து வேலை பார்த்தோம். நாங்கள் எல்லாம் படித்தவர்கள்!

அந்தப் பட்டியலில் திரும்பத் திரும்ப வந்த பதில், ‘நான் வருவேன், நான் வருவேன்’. ஒரு தடவை சொன்னாலே எண்ணம்தானே. இரண்டு தடவை அழுத்திச் சொல்கிறாரே என்று ‘வர உறுதி’ முத்திரை. நானே குத்தினேன், இந்தக் கையால். ஸ்லைடும் அதையே குத்தியிருந்தான். இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே முத்திரை குத்தினால் அதற்கு எங்கள் துறையில் நம்பகத்தன்மை என்று பெயர். எங்கள் நம்பகத்தன்மையைப் பார்த்து முன்னுரை பூரித்துப்போனார்.

முடிவு வந்தது. பரிவின் அறுபது பேரில் ஐம்பத்தைந்து பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள், தொண்ணூற்றிரண்டு சதவீதம். அண்ணியின் அறுபதில் இருபத்திரண்டு பேர்தான். முன்னுரை கேக் வாங்கிவரச் சொன்னார். ஸ்லைடு அதை வெட்டுவதற்குமுன் படம் எடுத்து ஸ்லைடில் போட்டான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து, அண்ணி துணி மடித்துக்கொண்டிருந்த கட்டிலில் உட்கார்ந்து, வெட்கமே இல்லாமல் இதை அவளிடமே பீற்றிக்கொண்டேன்.

“அம்பத்தஞ்சு பேரா?” அண்ணி மடித்துக்கொண்டிருந்த சட்டையை அப்படியே மடியில் போட்டாள். “காதுல பூ சுத்தாதடீ. யாரு, என்ன சொன்னாங்க? போட்டுக் காமி.”

போனில் இருந்த ஒரு பதிவைப் போட்டேன். முப்பத்தேழாம் எண் நோயாளி. லாரி ஓட்டுபவர், சர்க்கரை நோய், கால் விரலில் புண். பரிவு தன் லிஃப்ட் குரலில் மருந்தைப் பற்றியும் உணவைப் பற்றியும் முழு நீளத்துக்கு ஓதியது. பிறகு, “மறுபரிசோதனைக்கு வருவீர்களா?” என்றது. பின்னால் ஹாரன் சத்தம். “ஆங்... சரி சரி, வரேன் வரேன்” என்றார் அவர். இணைப்பு அறுந்தது.

அண்ணி சிரித்த சிரிப்பில் மடித்த துணி சரிந்தது. “அடிப்பாவி! அந்த ஆளு போனை வைக்கிறாருடீ!”

நான் பதிவை இன்னொரு தடவை போட்டேன்.

“ஒரு ‘வரேன்’னு சொன்னா வருவாங்க. ரெண்டு ‘வரேன்’னா வரமாட்டாங்க. மூணு ‘வரேன்’னா நம்பரையே மாத்திடுவாங்க. இது தெரியாமலா அஞ்சு வருஷமா படிக்கிற? உன் அண்ணன் அத்தை வீட்டுக்கு ‘வரேன் வரேன்’னு எத்தனை வருஷமா சொல்லிட்டிருக்காரு, போனாரா?”

எனக்குத் தெரியாதா என்ன? ஸ்லைடு சாப்பிடக் கூப்பிட்டால் நானே அவனிடம் ‘வரேன் வரேன்’ என்றுதான் சொல்வேன். ஒரு நாளும் போனதில்லை. பிறந்ததிலிருந்து பேசுகிற பேச்சு. அதை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டியதும் அடையாளம் தெரியாமல் போய்விட்டது. அவமானமாக இருந்தது.

“அப்ப உங்க இருபத்திரண்டு?” என்றேன், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று.

“அது மொத நாள் எழுதினது. ‘வரமாட்டார்’னு எழுதினா விட்டுட்டேன்னா அர்த்தம்? அவங்களைத்தான் திரும்பக் கூப்பிடணும்னு எனக்கே ஒரு அடையாளம். பொண்ணு நம்பரை வாங்கிப் பொண்ணுகிட்ட பேசுவேன். லீவு கிடைக்கலைன்னா ஞாயித்துக்கிழமை டாக்டர் இருக்காருன்னு சொல்லுவேன். வருவாங்கன்னு தெரிஞ்சவங்களை எதுக்குக் கூப்பிடணும்?”

அண்ணியின் வேலையே அந்த ‘வரமாட்டார்’ கட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது. நாங்கள் அதைத் தோல்வி என்று எண்ணி, கேக் வெட்டியிருக்கிறோம்.

மறுநாள் அண்ணி புறநோயாளிப் பதிவேட்டை எனக்குப் படம் எடுத்து அனுப்பினாள். யார் உண்மையில் வந்தார்கள் என்ற பதிவு. இதை நாங்கள் ஏழு பேரும் ஒரு தடவைகூடக் கேட்டு வாங்கவில்லை. அண்ணி கூப்பிட்ட அறுபதில் ஐம்பத்தொரு பேர் வந்திருந்தார்கள். பரிவு கூப்பிட்ட அறுபதில் பத்தொன்பது. முப்பத்தேழாம் எண்ணைப் பற்றி அண்ணி விசாரித்து ஓரத்தில் எழுதியிருந்தாள்: இருபத்தாறாம் நாள் ஆம்புலன்ஸில் வந்திருந்தார். கட்டை விரலை எடுத்துவிட்டார்கள். என் கோப்பில் அவர் இன்னமும் ‘வர உறுதி’யாக இருந்தார்.

நான் முன்னுரையின் அறைக்கு ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது முன்னுரைக்கும் முன்னால் வருவது.

“ரொம்ப சுவாரசியமான விஷயம். ஆனா பாருங்க, இவங்க வந்தது நடத்தை. நாம அளந்தது எண்ணம். ரெண்டும் வேற வேற.”

“சார், அந்த எண்ணமே இல்லையே சார். அவர் போனை வைக்கிறார்.”

“அது வேற பேப்பர். பட்டம் வாங்கின பிறகு நீங்களே எழுதலாம். இப்போதைக்கு, ‘குறைபாடுகள்’ பகுதியில ஒரு வரி சேர்த்துடுங்க. மொழி சார்ந்த நுணுக்கங்கள் இருக்கலாம்னு.”

நுணுக்கமாம், மண்ணாங்கட்டி. ஒரு மனுஷன் விரலை இழந்திருக்கிறார், அது இவருக்கு நுணுக்கம்.

“வியாழக்கிழமை மருத்துவமனையில நம்ம முடிவைச் சொல்றோம்” என்றார். “அடுத்த புதன் உங்க வாய்மொழித் தேர்வு. தேர்வாளர் டிக்கெட் போட்டாச்சு. குழப்பிக்காதீங்க.”

ஸ்லைடு வெளியே நின்றிருந்தான். “விட்டுத்தள்ளு. எல்லார் தீசிஸிலயும் இப்படி ஒண்ணு இருக்கும்” என்றான். அவன் தீசிஸில் வேறு எதுவும் இல்லை என்பது வேறு விஷயம்.

அந்த வியாழனுக்கு முந்தைய நாள் மாலை அண்ணி கேட்டாள். மேலாளர் அவளிடம், மெஷின் நன்றாக இருந்தால் உன் மேசையை எடுத்துவிடுவோம் என்று விளையாட்டுப் போலச் சொல்லி வைத்திருந்தார். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

“நாளைக்கு நீ மீட்டிங்ல இருப்பேல்ல? அந்தப் பதிவேட்டை எடுத்துக் காட்டிடுடீ. நான் சொன்னா வேலைக்காகச் சொல்றேம்பாங்க. நீ சொன்னா நம்புவாங்க.”

“சொல்றேன் அண்ணி.”

ஒரு தடவைதான் சொன்னேன். உண்மையிலேயே சொல்வதாகத்தான் இருந்தேன்.

வியாழக்கிழமை பதினோரு மணி. மருத்துவமனை மூன்றாம் மாடியில், நீள மேசை போட்ட அறை. எதிரே மேலாளர், பக்கத்தில் தலைமை செவிலியர். என் பைக்குள் அந்தப் பதிவேட்டின் நகல், மூன்று பிரதி. முன்னுரை ஆரம்பித்தார். மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்ததிலிருந்து வந்தார். ஸ்லைடு அம்புக்குறிகளைப் பறக்கவிட்டான். நீலக் கம்பம் ஒன்று அண்ணி. ஆரஞ்சுக் கம்பம் ஒன்று பரிவு. ஆரஞ்சு வானத்தை முட்டியது.

தலைமை செவிலியர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். “வரேன்னு சொன்னவங்க எல்லாரும் வந்தாங்களா?”

அந்த அறையில் மூளை இருந்த ஒரே ஆள் அவர்தான். முன்னுரை புன்னகை மாறாமல், “அது எங்க அடுத்த கட்ட ஆய்வு” என்றார்.

மேலாளருக்கு அவசரம். “ஒரு நாளைக்கு எத்தனை பேரைக் கூப்பிடும் இது?”

“நாலாயிரம்” என்றான் ஸ்லைடு. நாலாயிரம் பேரைக் கூப்பிட்டு நாலாயிரம் பேரும் போனை வைப்பார்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். முன்னுரை என் பக்கம் திரும்பினார். கோபமாகக்கூட இல்லை. கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அடுத்த புதன்கிழமை அந்தப் பார்வையில் இருந்தது.

மேலாளரும் என்னைத்தான் பார்த்தார். “நீங்கதானேம்மா முழுக்க முழுக்க பண்ணது? நீங்க சொல்லுங்க. அந்தப் போன் மேசை இனிமே தேவையா, தேவையில்லையா?”

பைக்குள் என் கை இருந்தது. பிரதிகளின் ஓரம் விரலில் பட்டது. ஐந்து வருடம் என்று நினைத்தேன். இன்னும் ஒரு வருடம் அண்ணன் வீட்டுக் கூடத்தின் மூலையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் திரும்பச் செய்ய வேண்டும் என்று நினைத்தேன். அண்ணிக்கு எங்கேயாவது வேறு வேலை கிடைத்துவிடும் என்றும் நினைத்தேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த நினைப்பு!

“டேட்டா அப்படித்தான் சொல்லுது சார்” என்றேன்.

டேட்டாவுக்கு ஏது வாய்? சொன்னது நான். ஆனால் இந்த வாக்கியத்தில் நான் இல்லை பாருங்கள். ஐந்து வருடத்தில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இந்த ஒரு வாக்கியம்தான். முன்னுரையையும் ஸ்லைடையும் இவ்வளவு நேரம் கேவலமாகப் பேசினேன் அல்லவா? அவர்களிடம் மறைப்பதற்குப் பதிவேடு இருக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டதோடு சரி, அவர்கள் அதைப் பார்க்கவே இல்லை. பார்த்துவிட்டு, அதைப் பைக்குள்ளேயே அமுக்கி வைத்த ஆள் நான் ஒருத்திதான்.

இடையில் அண்ணி கேட்டபோதெல்லாம் ‘தேர்வு முடியட்டும்’ என்று நழுவினேன். அடுத்த புதன்கிழமை தேர்வு முடிந்தது. தேர்வாளர் ஒரே ஒரு திருத்தம் சொன்னார், ஆரஞ்சு நிறம் கண்ணை உறுத்துகிறதாம். மற்றபடி கைதட்டல், கைகுலுக்கல், டாக்டர். அண்ணன் போனிலேயே அழுதுவிட்டான். வீட்டுக்குள் நுழைந்ததும் என்னைத் தூக்காத குறை.

அண்ணி கொஞ்சம் தாமதமாக வந்தாள். செருப்பைக் கழற்றினாள். பையை ஆணியில் மாட்டினாள்.

“இந்த மாசத்தோட வேலை முடிஞ்சுது” என்று அண்ணனிடம் சொன்னாள்.

“என்னது? ஏன்?”

“மெஷின் வருதாம். மேனேஜரு கூப்பிட்டு வச்சுப் பொறுமையாத்தான் சொன்னாரு. ஆராய்ச்சி பண்ண பொண்ணையே நேரா கேட்டாராம். ‘டேட்டா அப்படித்தான் சொல்லுது’ன்னு பதில் வந்துச்சாம்.”

அண்ணன் கொதித்தான். “எந்தப் பொண்ணு அது? வயித்துல அடிக்கிறோமேன்னு ஒரு ஈவு இரக்கம் வேணாம்? உனக்குத் தெரிஞ்சவளா?”

நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் பக்கமே திரும்பவில்லை.

“யாரோ” என்றாள். “எனக்குத் தெரியாது.”

அவள் முகம் கழுவிவிட்டு வந்து தட்டுகளை எடுத்து வைத்தாள். என்னைத் திட்டுவாள், அறைவாள், அண்ணனிடம் போட்டுக் கொடுப்பாள் என்று காத்திருந்தேன். அப்படி ஏதாவது செய்திருந்தால் காலைப் பிடித்து அழுதிருப்பேன்.

“வாங்க, சாப்பிடுங்க” என்றாள்.

அண்ணனைக் கூப்பிடுகிறாள் என்று நினைத்தேன். அவன் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தான். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து இத்தனை வருடத்தில் அவள் என்னை ஒரு தடவைகூட ‘வாங்க’ என்றதில்லை.

“அண்ணி, என்ன இது... நீன்னே சொல்லுங்க அண்ணி.”

“அது எப்படி? இவ்வளவு படிச்சவங்களை நீ, வா, போன்னா நல்லாவா இருக்கும்? உக்காருங்க.”

அண்ணனுக்கு ஒரே சிரிப்பு. “பாத்தியா, டாக்டர் ஆன உடனே மரியாதையை!” என்று தொடையைத் தட்டிச் சிரித்தான். சிரித்த வேகத்தில் புரையேறிவிட்டது. அண்ணி அவன் தலையில் தட்டி, ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

“உங்களுக்குத் தண்ணி வேணுமா?” என்று கேட்டாள்.